ஆயுத பூசையன்று யூ.பி.எஸ்ஸுக்குக் கிடைத்த ஓய்வு

இதை எழுதச் சொன்னது, நம் சேவைப் பிரிவில் எனக்குப் பின் வந்த நீங்கள்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நீங்களோ பாலிடெக்னிக், பல்கலைக்கழகம் என்று போய் வந்தவர்கள். உங்களுக்கு மின்னணுவியல் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான்கு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. பணி ஓய்வு விருந்தில் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தபோது, "நன்றி, எல்லாரும் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சாப்பாடு இன்னும் வந்து சேரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் நடுவில் நிறுத்திவிடுங்கள், நான் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

யூ.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது என்பதை விட்டுவிடுகிறேன். மின்சாரம் போனால் பேட்டரியிலிருந்து எடுத்து, எதுவுமே நடக்காதது போலக் கொடுத்துக்கொண்டிருக்கும் பெட்டி அது. இவ்வளவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும். நான் சொல்ல வந்தது, அந்தப் பெட்டி கத்தும்போது அதைச் சுற்றி இருக்கிற மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைத்தான். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நம் சேவை அலுவலகம் அப்போது கிள்ளானில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்தது. மேலாளருக்கு எந்தப் பண்டிகையும் பெரிதில்லை, ஆயுத பூசை மட்டும் பெரிது. முதல் நாள் மாலையே எங்கள் கருவிப் பைகளை வாங்கிக்கொள்வார். ஸ்குரூ டிரைவர், ஸ்பேனர், மல்டிமீட்டர், எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமி மேசையில் வரிசையாகப் படுத்துவிடும். மறுநாள் விஜயதசமி காலையில் பூசை முடித்துத்தான் திரும்பக் கையில் தருவார். நடுவில் யார் கேட்டாலும் கிடைக்காது. வாடிக்கையாளர்கள் அழைத்தால்? மலாய்க்கார ரோஸ்லியும் சீனரான ஆ செங்கும் போவார்கள். "வருஷத்துல ஒரு நாள் நாங்க ரெண்டு பேரும் சிலாங்கூர் முழுக்கப் பாக்குறோம்" என்று ரோஸ்லி தமிழிலேயே சலித்துக்கொள்வான்.

அன்று அவர்கள் இருவரும் ஏற்கெனவே வெளியே போயிருந்தார்கள். நான் மேசையடியில் உட்கார்ந்து பொரியில் வெல்லம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியை வைத்துவிட்டு மேலாளர் என்னைப் பார்த்தார்.

"பிரிக்பீல்ட்ஸ் போட்டோ கடை அக்கா கூப்பிட்டாங்க. யூ.பி.எஸ். ஒரு வாரமா சூடாவுதாம். போய்ப் பாத்துட்டு வா."

"டூல்ஸ் அண்ணே?"

"டூல்ஸ் இன்னைக்கு சாமிகிட்ட இருக்கு. நீ ஒண்ணும் செய்ய வேணாம். நாளைக்கு வரோம்னு சொல்லிட்டு வந்தா போதும்."

"அத போன்லயே சொல்லியிருக்கலாமே."

"போன்ல சொன்னா அந்தம்மா திட்டும். உன் மூஞ்சியப் பாத்தா யாருக்கும் திட்ட வராது. அதுக்குத்தான் உன்னை அனுப்புறேன்."

இப்படியாக, கையில் ஒரு கருவியும் இல்லாமல், என் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நான் பேருந்து ஏறினேன். கம்பெனி வேனும் மாலை போட்டுக்கொண்டு ஓய்வில் இருந்தது.

அந்த வருடம் முழுக்கப் பிரிக்பீல்ட்ஸில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். துளைபோடும் இயந்திரத்தின் சத்தத்தில் பேருந்து நிறுத்தத்திலேயே பல் ஆடியது. அவர்கள் தோண்டத் தொடங்கியதிலிருந்து அந்த வரிசைக் கடைகளில் மின்சாரம் அடிக்கடி போய்வந்தது. ஆகவே அந்தத் தெருவில் எல்லாரும் ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தார்கள். எது நின்றாலும் "கரண்ட் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

போட்டோ கடையின் இரும்புக் கதவு பாதி இறக்கப்பட்டிருந்தது. நான் குனிந்து உள்ளே நுழையும்போதே யூ.பி.எஸ். கத்தும் சத்தம் கேட்டது. உள்ளே விளக்குகள் அணைந்திருந்தன. குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. சாம்பிராணியும் படம் கழுவும் மருந்தும் கலந்த ஒரு வாசனை. கல்லாப்பெட்டி, தொலைபேசி, காகிதம் வெட்டும் கத்தி, நாற்காலிகள், எல்லாவற்றுக்கும் பொட்டு. சுவரில் தொங்கிய ஒரு குழந்தையின் மாதிரிப் படத்துக்கும் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள்.

"வந்துட்டியா தங்கச்சி. இப்பத்தான் கத்த ஆரம்பிச்சது. சாமியே உன்னை அனுப்பியிருக்கு" என்றார் கடைக்கார அக்கா. பட்டுச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், கையில் திருநீற்றுத் தட்டு.

நாளைக்கு வரோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மணி ஓடிவந்தான். மணி அந்தக் கடையில் இயந்திரம் ஓட்டுகிறவன், என் வயதுதான் இருக்கும், எதற்கும் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை.

"கரண்ட் போச்சு. மெஷின்ல படம் ஓடுது. கல்யாணப் படம். அதோ, அவங்களோடது."

வாடிக்கையாளர் இருக்கையில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். மருதாணி இன்னும் மங்காத கை, மஞ்சள் மாறாத தாலிக்கயிறு. பெயர் சுமதி. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யூ.பி.எஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதைய படச்சுருளைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சுருளின் நுனியை இயந்திரத்தின் ஒரு பக்கம் கொடுத்தால், அது மெதுவாக இழுத்து, வரிசையாக இருக்கும் மருந்துத் தொட்டிகளில் முக்கி எடுத்து, மறுபக்கம் நெகட்டிவாக வெளியே விடும். நடுவில் இழுப்பது நின்றால் போச்சு. முதல் தொட்டியில் மாட்டியது கருகிய தோசை மாதிரி ஆகிவிடும். கல்யாணத்தை மறுபடி செய்து காட்டச் சொல்லவும் முடியாது. தொட்டிகளைச் சூடாக்குவதற்குத் தனி மின்வழி இருந்தது, அது கொஞ்ச நேரம் நின்றாலும் மருந்தின் சூடு இறங்காது. படத்தை இழுக்கும் மோட்டார் மட்டும் யூ.பி.எஸ்ஸை நம்பியிருந்தது.

"எத்தனை ரோல்?" என்று கேட்டேன்.

"மூணு. ஒண்ணு பின்னால ஒண்ணா விட்டுட்டேன்."

"தாலி கட்டுற ரோல் எது?"

மணி தலையைச் சொறிந்தான். "போட்டோக்காரர் பேரு எழுதாம ஒரே பையில போட்டுக் கொடுத்துட்டாரு."

சுமதி முதல் முறையாகப் பேசினாள். மெல்லிய குரல், ஆனால் வேகம். "தாலி கட்டுறப்ப இவரோட தாய்மாமா அட்சதை போடுறேன்னு கையைத் தூக்கிட்டாரு அக்கா. கரெக்டா கேமராவுக்கு முன்னால. என் மூஞ்சி விழுந்திருக்கா இல்லையான்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. நாளைக்குக் காலையில இவரு என்னையும் கூட்டிக்கிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறாரு. அதுக்குள்ள பாத்தே ஆவணும்."

"ஆயுத பூசை அன்னைக்கு மெஷினத் தொடக்கூடாதுன்னு சொன்னேன்" என்றார் அக்கா என்னிடம். "இந்தப் பொண்ணு அழுதுச்சு. சரி, கழுவுற மெஷினுக்கு இன்னும் பொட்டு வெக்கல, பொட்டு வெக்காத வரைக்கும் அது லீவுல இல்லன்னு விட்டேன்."

"யூ.பி.எஸ்ஸுக்கு?"

"அதுக்குப் பொட்டு வெச்சாச்சே. அது இன்னைக்கு லீவு."

"லீவுல இருக்கிறதுதான் இப்ப வேலை பாக்குது அக்கா" என்றான் மணி. அக்கா அவனைப் பார்த்த பார்வையில் அவன் இயந்திரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டான்.

யூ.பி.எஸ். இடுப்பு உயரம் இருக்கும், கீழே சிறு சக்கரங்கள் வைத்தது. ஒரு வாரமாக அதன் தலையில் காகிதப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தச் சூட்டுக்கு அதுதான் காரணம். அன்று பெட்டிகளை எடுத்துவிட்டு அலங்காரம் செய்திருந்தார்கள். காற்றுப் போகும் இடுக்குகளின் மேல் மூன்று பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். தலையில் தொடங்கிப் பின்பக்கம் வரை செவ்வந்தி மாலை. முன் சக்கரங்களுக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம்.

பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். மாலையின் நுனி விசிறிக்குள் இழுக்கப்பட்டு, நார் சுற்றிச் சுற்றி விசிறி நின்றே போயிருந்தது. இதழ்கள் கம்பி வலையில் ஒட்டியிருந்தன. முன்பக்கம் பேட்டரி விளக்கு சிவப்பு. பக்கத்தில் சூட்டு விளக்கு கண்ணைச் சிமிட்டத் தொடங்கியிருந்தது. அது சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தால், பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். மூன்று ரோலும் உள்ளேயே நின்றுவிடும்.

நான் நேரே விசிறிக்குப் போனேன். கண்ணுக்குத் தெரிந்த கோளாறு அதுதானே. வெளி வலையை மட்டும் கழற்றினால் போதும், நாரை எடுத்துவிடலாம். நான்கு திருகாணி.

"அக்கா, ஒரு ஸ்குரூ டிரைவர்."

அக்கா சாமி மேசையைக் காட்டினார். கடையில் இருந்த ஒரே ஸ்குரூ டிரைவர், கத்திரிக்கோலுக்கும் ஸ்டேப்ளருக்கும் நடுவில், தலையில் ஒற்றைப் பூவோடு படுத்திருந்தது.

"எடுக்கக் கூடாதும்மா. போன வருஷம் எங்க வீட்டுக்காரரு அவசரம்னு ஸ்டேப்ளர எடுத்தாரு. அந்த வாரமே கடைக்கு முன்னால குழி தோண்ட ஆரம்பிச்சாங்க. இன்னும் மூடல."

வெளியே துளை இயந்திரம் அதை ஆமோதித்தது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் அதை எடுக்கக் கை வரவில்லை. என் கருவிகளுக்கு நானே பொட்டு வைத்துவிட்டு வந்தவள்.

"பக்கத்துல வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு அடியில் நுழைந்து ஓடினேன்.

ஆயுத பூசையன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஸ்குரூ டிரைவர் தேடிப் பாருங்கள். அது ஒரு கல்வி. முதலில் மோட்டார் சைக்கிள் பட்டறை. சுவர் முழுக்கக் கருவிகள், எல்லாவற்றுக்கும் பொட்டு.

"நாளைக்குக் காலையில வாம்மா, பட்டறையவே எடுத்துக்கோ. இன்னைக்கு சுண்டல்தான் இருக்கு" என்று பட்டறைக்காரர் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது தையல்கடை. தையல் இயந்திரத்தில் ஊசி மாற்ற ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பார்கள். வைத்திருந்தார்கள், சாமிக்கு முன்னால். அங்கேயும் ஒரு பொட்டலம், கூட வாழைப்பழம்.

முடிதிருத்தும் கடைக்காரர் நான் கேட்பதற்கு முன்பே, "இன்னைக்கு வெட்ட மாட்டோம்" என்றார். "வெட்ட இல்ல அண்ணே, ஸ்குரூ டிரைவர்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பசி போலருக்கு, பாவம்" என்று மனைவியிடம் சொன்னார். எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை புரியவில்லை. மூன்றாவது பொட்டலம் வந்தது, கொஞ்சம் பெரியது.

மூலையில் சீனரின் காப்பிக் கடை திறந்திருந்தது. கை நிறையச் சுண்டலோடு மூச்சு வாங்க நின்றேன்.

"அங்கிள், ஸ்குரூ டிரைவர் இருக்கா?"

"ஸ்குரூ டிரைவர் தாடா" என்றார், இல்லை என்று மலாயில். பிறகு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கத்தியை நீட்டினார். "இது எடுத்துக்கோ தங்கச்சி. நம்ம கத்தி லீவு எடுக்காதுலா."

கத்தியின் நுனியில் காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் ஒட்டியிருந்தது. அதைப் பண்டிகைக்குக் கட்டிய சேலையில் துடைக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. நக்கிவிட்டு ஓடினேன்.

கடைக்குள் நுழைந்தபோது கத்தும் சத்தம் மாறவில்லை. சூட்டு விளக்கு முன்னைவிட வேகமாகச் சிமிட்டியது. மணி இயந்திரத்தின் மறுமுனையில் முதல் நெகட்டிவைப் பிடித்துக் குத்துவிளக்கின் பக்கம் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல் ரோல் வந்துடுச்சு. முழுக்கப் பந்திதான். முப்பது பேரு சாப்புடுறாங்க."

"தாலி?"

"ஒரு வடைதான் கிளியரா இருக்கு."

சுமதி கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

நான் சுண்டல் பொட்டலங்களை மேசையில் கொட்டிவிட்டுக் கத்தியோடு விசிறிப் பக்கம் திரும்பினேன். அக்கா குறுக்கே வந்தார். "கத்தியத் தூக்கிட்டு சாமியத் தொடப் போறியே, மொதல்ல திருநீறு பூசிக்கோ" என்று ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியை நோக்கி நீட்டினார்.

திருநீறு என் நெற்றிக்கு வரவில்லை. விரலிலிருந்து பறந்து பக்கவாட்டில் போய், அவருடைய பட்டுச் சேலையின் தோளிலேயே விழுந்தது.

நான் அந்தத் திருநீற்றைப் பார்த்தேன். பாதி மூடிய கடை, ஜன்னல் இல்லை. காற்று எங்கிருந்து வருகிறது? மேலே பார்த்தேன். இருக்கைக்கு மேலே இருந்த கூரை விசிறி, என்னுடைய முப்பது வருட வேலையில் நான் பார்த்த எந்த விசிறியையும்விட நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்த ஃபேன யார் போட்டது?"

எல்லாரும் மேலே பார்த்தார்கள். சுமதி கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது போல.

"நான்தான். வேர்த்துச்சு."

"கரண்ட் இல்லாம எப்படிச் சுத்துது?"

"எனக்கு எப்படித் தெரியும்? சுவிட்சத் தட்டுனேன். சுத்துச்சு."

"மணி, கரண்ட் போச்சுன்னு யாரு சொன்னது?"

"யூ.பி.எஸ். கத்துச்சு. லைட்டும் எரியல."

"லைட்ட நான்தான் அமத்தினேன்" என்றார் அக்கா. "சூடம் காட்டுறப்ப வெளக்கு மட்டும் தெரியணும்னு."

யூ.பி.எஸ். மட்டும் பேசியது. பிறகு சுமதி வெடித்துச் சிரித்தாள். மணி சிரித்தான். அக்கா தோளிலிருந்த திருநீற்றைத் தட்டிக்கொண்டே சிரித்தார். நான் கையில் வெண்ணெய்க் கத்தியோடு, எனக்கும் சிரிப்பை அடக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்று சொல்கிறேன். யூ.பி.எஸ். கத்தினால் "எனக்கு மின்சாரம் வரவில்லை" என்று பொருள். "ஊரில் மின்சாரம் இல்லை" என்று பொருள் இல்லை. பசிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நாட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறோமா? சோறு தட்டுக்கு வரும் வழியில் எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும். அந்தத் தெருவில் மின்சாரம் போவது பழக்கமாகிவிட்டதால் நாங்கள் நான்கு பேரும் பழக்கத்தை நம்பிவிட்டோம். நீங்கள் ஒரு இடத்துக்குப் போனால் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் அறையைப் பாருங்கள். விளக்கு, விசிறி, தண்ணீர் சூடாகும் சாடி, எல்லாம் சாட்சி சொல்லும்.

சோறு எங்கே நின்றது? மண்டியிட்டுப் பார்த்தேன். யூ.பி.எஸ்ஸின் பின்னாலிருந்து போன கம்பி, துணி காயப்போட்ட கொடிபோல விறைத்திருந்தது. சுவரில் பிளக் பாதி வெளியே வந்து நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, இத நகத்தினீங்களா?"

"நகத்தாம எப்படி? எலுமிச்சம்பழத்து மேல ஏத்தணும்ல. லோரிக்கு ஏத்துற மாதிரி." அக்காவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. "சக்கரம் இருக்கே அதுக்கு."

சக்கரம் இருந்தது. பழத்தின் மேல் ஏறி இறங்குகிற தூரம் கம்பிக்கு இல்லை. அவ்வளவுதான் நடந்தது. இந்த மாதிரிக் கோளாறு எந்த நாட்டுக் கையேட்டிலும் இருக்காது. ரோஸ்லி வந்திருந்தாலும் ஆ செங் வந்திருந்தாலும் அந்தப் பழத்தைக் குப்பை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது பழக்கமான அலங்காரம், அதனால் கண்ணில் பட்டும் படவில்லை.

சுவர் சுவிட்சை அணைத்தேன். மணியும் நானும் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளினோம். பிளக்கை அழுத்திச் செருகி சுவிட்சைப் போட்டேன். கத்தல் நின்றது. காது அடைத்துக்கொண்டது போல அவ்வளவு அமைதி.

ஆனால் சூட்டு விளக்கு சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. விசிறி இன்னும் நாருக்குள் மாட்டியிருக்கிறது. மின்சாரம் வந்ததும் பேட்டரியை வேறு நிரப்பத் தொடங்கி இன்னும் சூடாகும். இரண்டு ரோல் உள்ளே இருக்கிறது. இப்போது இரண்டு வழி. வெண்ணெய்க் கத்தியால் நான்கு திருகாணியோடு மல்லுக்கட்டலாம், நடுவில் பெட்டி அணைந்தால் அதோடு சரி. இல்லாவிட்டால் பைபாஸ் குமிழைத் திருப்பி, யூ.பி.எஸ்ஸை ஒதுக்கிவிட்டு, சுவர் மின்சாரத்தை நேராக மோட்டாருக்குக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் வெளியே தோண்டுகிறவர்கள் ஒரு கம்பியைத் தொட்டாலும் எல்லாம் நின்றுவிடும். காப்பாற்ற நடுவில் யாரும் இல்லை.

அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று நினைத்தேன். மேலாளர் என்ன சொல்வார் என்று தெரியும், "முடிவெடுக்கவா உன்னை அனுப்புனேன்?" என்பார். கூப்பிடவில்லை.

"அக்கா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "இந்தப் பெட்டிக்கு நெஜமாவே லீவு கொடுத்துடலாம். மாலையக் கழட்ட வேணாம், டூல் எதையும் தொட வேணாம். சாமி சொன்ன மாதிரி அது இன்னைக்கு ஓய்வெடுக்கட்டும். மோட்டாருக்கு நேரா கரண்ட் போயிடும். ஆனா வெளிய தோண்டுறவங்க கொஞ்ச நேரம் நிறுத்தணும்."

அக்கா யோசிக்கவே இல்லை. "லீவு கொடுக்க வழி இருந்தா மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். மணியைப் பார்த்து, "போய் அவங்கள நிறுத்தச் சொல்லு" என்றார்.

"அவங்க நான் சொன்னா கேப்பாங்களா? காலையில மண்ணு உள்ள வருதுன்னு சண்டை போட்டவன் நானு."

சுமதி எழுந்தாள். மேசையிலிருந்த சுண்டல் பொட்டலங்களையெல்லாம் சேலை முந்தானையில் அள்ளினாள். வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டாள். பட்டுச் சேலையும் மருதாணியுமாக, கதவுக்கு அடியில் குனிந்து, பள்ளத்தை நோக்கிப் போனாள்.

அங்கே என்ன பேசினாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. தோண்டுகிறவர்கள் இந்தோனேசியாக்காரர்கள், சுண்டல் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கதவுக்கு அடியில் எங்களுக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. தங்கக் கரைச் சேலைக்கு எதிரே சேற்று பூட்ஸ்கள். பிறகு துளை இயந்திரம் நின்றது. பூட்ஸ்கள் ஒவ்வொன்றாக நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தன.

பைபாஸ் குமிழ் அருகில் பச்சை விளக்கு வரும்வரை திருப்பக் கூடாது. அவசரப்பட்டால் ஒரு இமைப்பொழுது மின்சாரம் அறுந்து மோட்டார் நின்றுவிடும். நான் விரலைக் குமிழில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சூட்டு விளக்கு சிமிட்டியது. பச்சை வரவில்லை. அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். மணி என் தோளுக்கு மேலே குனிந்து, "வருமா?" என்றான். "மூச்சு விடாத" என்றேன். வாழ்க்கையில் ஓர் ஆணைப் பார்த்து நான் போட்ட முதல் உத்தரவு அதுதான் என்று நினைக்கிறேன். அவன் உண்மையிலேயே மூச்சை அடக்கிக்கொண்டான்.

பச்சை வந்தது. திருப்பினேன். மோட்டாரின் இழுப்பு ஒரு கணமும் மாறவில்லை. யூ.பி.எஸ்ஸை அணைத்தேன். அது சந்தனமும் மாலையுமாக ஓய்வுக்குப் போனது. அக்கா அதன் முன்னால் மறுபடி ஒரு சூடம் ஏற்றிக் காட்டினார்.

இரண்டாவது ரோல் வந்தது. சொந்தக்காரர்கள் மேடையில் வரிசையாக நின்று பரிசு கொடுக்கும் படங்கள். "எல்லாரும் பொட்டியத்தான் பாக்குறாங்க, கேமராவ ஒருத்தரும் பாக்கல" என்றான் மணி. சுமதி உள்ளே வந்து இயந்திரத்தின் வாயருகே நின்றுகொண்டாள். வெளியே சுண்டல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லார் மனசிலும் ஒரே கணக்கு. அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று கடையிலிருந்த பொரியையும் கடலையையும் ஒரு தட்டில் போட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஒரு கை வந்து தட்டை இழுத்துக்கொண்டது.

மூன்றாவது ரோலின் நுனி மெல்ல எட்டிப் பார்த்தது. யாரும் அதைத் தொடவில்லை. அது தானாக முழுதும் வெளியே வந்து விழுந்தபோது வெளியே துளை இயந்திரம் மறுபடி தொடங்கியது. மணி கடை விளக்கைப் போட்டான். சுமதி நெகட்டிவை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கினாள். நாங்கள் மூன்று பேரும் அவள் தோளைச் சுற்றிக் கழுத்தை நீட்டினோம். நெகட்டிவில் எல்லாம் தலைகீழாக இருக்கும், கறுத்த முடி வெள்ளையாக, வெள்ளைப் பூ கறுப்பாக. இருந்தாலும் தெரிந்தது. குனிந்த தலை, கழுத்தருகே இரண்டு கைகள், தாலிக்கயிறு. குனிந்த முகம் முழுதாக, கண் மூடாமல். பக்கத்தில் தாய்மாமாவின் கை, அகலமாக, அட்சதையோடு, மாப்பிள்ளையின் முகத்தை மூக்கு முதல் தலைப்பாகை வரை மறைத்துக்கொண்டு.

அடுத்த படத்தைப் பார்த்தாள். அதிலும் அந்தக் கை. அதற்கடுத்ததிலும்.

"ஐயோ, மாப்ளையே இல்லையேம்மா" என்றார் அக்கா.

சுமதி நெகட்டிவை இறக்கவே இல்லை. "பரவால்லக்கா" என்றாள். "என் மூஞ்சி இருக்குல்ல. அவர் மூஞ்சியத்தான் நான் தெனம் பாக்கப் போறேனே."

மறுநாள் கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. ஆ செங்கோடு போனேன். மத்தியானத்துக்கு மேல் மழை பெய்தது.